கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜித்தா வரை: தூரமும் காலமும்



நம் பள்ளிவாசலில் நடைபெற்ற ஹஜ் விளக்கக் கூட்டமொன்றில் இளைஞர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், சென்னை விமான நிலையத்துக்கும் ஜித்தா விமான நிலையத்துக்கும் எத்தனை கிலோமீட்டர்? எத்தனை மணி நேரப் பயணம்?" என்று வினவினார். நேர்வழியில் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர் என்றும், விமானத்தில் ஐந்தரை முதல் ஆறு மணி நேரம் என்றும் விடை கூறினோம். அவர் திருப்தியுடன் அமர்ந்துவிட்டார். முன் ஸஃப்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்த முதிய ஹாஜியார் ஒருவரோ, "நாங்க பம்பாய் போய்ச் சேர்றதுக்கே நாலு நாளாச்சு தம்பி" என்று சொல்லிச் சிரித்தார். அந்த நாலு நாளுக்கும் இந்த ஆறு மணிக்கும் இடையில் கிடக்கும் வரலாற்றை எழுதி வைத்தால் என்ன என்று அன்றிரவே தோன்றியது. இக்கட்டுரை பிறந்தது அவ்வாறே.

முதலில் ஒரு செய்தி. தூரத்தைக் காலத்தால் அளப்பது நமக்குப் புதிதன்று. ஒருவர் முஸாஃபிர் ஆவதற்குரிய தூரத்தை ஹனஃபி மத்ஹபின் இமாம்கள் மைல் கணக்கில் சொல்லத் தொடங்கவில்லை. ஒட்டகத்தின் நடையிலோ கால்நடையாகவோ மூன்று நாள் செல்லும் தூரம் என்றே சொன்னார்கள். பிற்கால ஆலிம்கள் அதனை 48 மைல் என்று நிர்ணயித்தனர். இன்றைய கணக்கில் அது 77, 78 கிலோமீட்டர். போடியிலிருந்து மதுரைக்கு ரயில் பாதை 90 கிலோமீட்டர் என்பதால் போடிக்காரர் மதுரைக்குப் புறப்பட்டால் முஸாஃபிர் என்பதில் ஐயமில்லை. தேனிக்காரரோ சரியாக விளிம்பில் நிற்கிறார். எந்தத் தெருவின் எல்லையிலிருந்து அளப்பது என்று நம்மிடம் மஸ்அலா கேட்போர் இன்றும் உண்டு! அதே தூரத்தை ஒருவர் அரை மணியில் கடந்துவிட்டாலும் அவர் முஸாஃபிர்தாம், அவருக்குக் கஸ்ர் உண்டு என்பதே தீர்ப்பு. வாகனம் விரைந்ததால் தூரம் குறைந்துவிடுவதில்லை.

இனிக் கடலுக்கு வருவோம். பாய்மரக் காலத்தில் நம் நாட்டுக்கும் ஹிஜாஸுக்கும் இடையே எத்தனை நாள் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. விடையைச் சொல்ல வேண்டியது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரைத் துறைமுகங்கள் அனேகமாக அடைபட்டே கிடக்கும். வடகிழக்குக் காற்று எழுந்த பிறகே அரபுக் கரை நோக்கிப் பாய் விரிக்க இயலும். செங்கடலின் வடபாதியில் பெரும்பாலும் வடக்கிலிருந்தே காற்று வீசுவதால் இந்தியக் கப்பல்கள் ஜித்தாவைத் தாண்டி மேலே செல்வது கடினம். ஜித்தா பெருந்துறைமுகமாக வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். காற்று சூரியக் கணக்கில் வருகிறது. ஹஜ்ஜோ சந்திரக் கணக்கில் வருகிறது. துல்ஹஜ் மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். டிசம்பரில் ஹஜ் வாய்த்த தலைமுறையினர் காற்றோடு சென்று நேரே இறங்கினார்கள். ஆகஸ்டில் ஹஜ் வாய்த்த தலைமுறையினரோ மார்ச் மாத வாக்கிலேயே கடலைக் கடந்து, மாதக்கணக்கில் அங்கே காத்திருக்க வேண்டியதாயிற்று. தூரம் ஒன்றுதான், தந்தைக்கு ஒரு காலம், மகனுக்கு வேறொரு காலம்.

நம் மதுரையைக் கண்ட பயணி ஒருவரின் கணக்கும் நமக்குக் கிடைக்கிறது. 1340களில் மஅபர் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் காலத்தில் இப்னு பதூதா மதுரைக்கு வந்தார். பின்னர் 1347இல் கோழிக்கோட்டில் கப்பலேறி அரபுக் கரையிலுள்ள ளஃபாரை அடைய அவருக்கு 28 நாட்கள் பிடித்தன. அந்த ளஃபார் பகுதியில்தான் இன்றைய ஸலாலா நகரம் இருக்கிறது. கோழிக்கோட்டிலிருந்து ஸலாலாவுக்கு நேர்தூரம் 2,500 கிலோமீட்டருக்கும் குறைவு. விமானத்துக்கு மூன்று, மூன்றரை மணி நேர வேலை.

நீராவிக் கப்பல் வந்ததும், 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் செங்கடலின் தலையெழுத்தை மாற்றின. காற்றுக்காகக் காத்திருக்கும் அவசியம் நீங்கியது. ஆனால் ஹாஜிகளின் துன்பம் உடனே நீங்கிவிடவில்லை. லாபம் ஒன்றையே நோக்கிய கம்பெனிகள் பழைய கப்பல்களில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றின. 1880ஆம் ஆண்டு சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் 900க்கும் மேற்பட்ட ஹாஜிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'ஜித்தா' என்னும் கப்பலின் கதையை ஜமாஅத்தார் அறிந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் குவார்தபுய் முனைக்கு அருகே புயலில் கப்பலுக்குள் நீர் புகுந்தபோது, கப்பல் தலைவரும் வெள்ளை அதிகாரிகளும் ஹாஜிகளைக் கைவிட்டு உயிர்காப்புப் படகில் தப்பி, கப்பல் மூழ்கிவிட்டது என்றும் அறிவித்துவிட்டனர். கப்பல் மூழ்கவில்லை. ஹாஜிகள் தாமே நீரை இறைத்துக் கப்பலை மிதக்க வைத்தனர். 'ஆன்டெனார்' என்ற வேறொரு கப்பல் அதனை இழுத்து வந்து ஏடன் துறைமுகத்தில் சேர்த்தது. இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்டவர்கள் கண்ணெதிரே வந்து இறங்கியதைக் கண்டு உலகம் வெட்கியது. ஜோசப் கான்ராட் என்ற ஆங்கில நாவலாசிரியர் 'லார்ட் ஜிம்' நாவலை எழுதியது இந்நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டுதான்.

பயண நாட்களை நீட்டிய இன்னொன்று நோய்த்தடுப்புக் காவல். 1865இல் மக்காவில் பரவிய காலரா எகிப்து வழியே ஐரோப்பாவை எட்டிய பிறகு வல்லரசுகள் விழித்துக்கொண்டன. செங்கடலின் தென்பகுதியில் யமன் கரையோரமுள்ள கமரான் தீவில் 1882 முதல் உஸ்மானிய அரசு தடுப்பு நிலையம் நடத்தியது. தெற்கிலிருந்து வரும் கப்பல்கள் அங்கே நின்றாக வேண்டும். துணிமணிகளை நீராவியில் வேகவைப்பார்கள்; மனிதர்களைக் குளிப்பாட்டிக் கொட்டகைகளில் நாள்கணக்கில் நிறுத்தி வைப்பார்கள். கரைக்கு மிக அருகில் வந்தும் கரை ஏற முடியாத அந்நாட்களை எந்தத் தூரக் கணக்கில் சேர்ப்பது?

பம்பாயில் 1877இல் தொடங்கப்பட்ட பம்பாய் அண்டு பெர்ஷியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, பின்னாளில் மொகல் லைன் என்று பெயர் பெற்று, இந்திய ஹாஜிகளின் கப்பல் கம்பெனியாகவே ஆகிவிட்டது. முகம்மதி, இஸ்லாமி, சவூதி, முஸஃப்பரி, அக்பர், நூர்ஜஹான் என்ற பெயர்கள் நம் பெரியவர்களின் நாவில் சொந்தக்காரர்களின் பெயர்களைப் போலவே புழங்கின. "நன்னா எந்தக் கப்பலில் போனார்?" என்று கேட்டால் ஆண்டைச் சொல்ல மறந்தவர்களும் கப்பலின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு நேர்தூரம் 3,500 கிலோமீட்டரே. ஆயினும் கப்பல் அரபுத் தீபகற்பத்தைச் சுற்றி, ஏடனைக் கடந்து, பாபுல் மந்தப் வழியே செங்கடலுக்குள் நுழைய வேண்டும். அதனால் கடல்வழி 2,300 கடல் மைல், அதாவது 4,200 கிலோமீட்டருக்கும் மேல். பழைய கப்பல்கள் இதைக் கடக்க 12 முதல் 15 நாட்கள் எடுத்துக்கொண்டன.

நம் பள்ளத்தாக்கிலிருந்து பம்பாய்க்குச் செல்வது தனியொரு பயணம். 1928இல் மதுரை - போடி ரயில் பாதை வந்தது. அதற்கு முன் மாட்டு வண்டிதான் கதி. ரயில் வந்த பின்னும் தொடர்ச்சி இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்களையே பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். 1950களில்தான் மீண்டும் பாதை வந்தது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பகுதியினர் தேனிக்கோ போடிக்கோ வந்து ரயிலேறி, மதுரையில் மாறி, சென்னையில் மாறி, பம்பாய் சேர்ந்து, அங்கே முஸாஃபிர்கானாவில் தங்கிக் கப்பலுக்குக் காத்திருப்பார்கள். அரிசி, பருப்பு, கருவாடு, ஊறுகாய், மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் தகரப் பெட்டியில் கூடவே செல்லும்.

முன்னே குறிப்பிட்ட ஹாஜியார் தம் தகப்பனார் சென்றுவந்த பயணத்தையும் நமக்கு விவரித்தார். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே அத்தா வீடு வீடாகச் சென்று கைகுலுக்கி மன்னிப்புக் கேட்டாராம். ஏலக்காய் வியாபாரத்தில் கொடுக்கல் வாங்கல் முழுவதையும் தீர்த்தார். வஸிய்யத்தை எழுதி மூத்த மருமகனிடம் ஒப்படைத்தார். கஃபன் துணியையும் பெட்டியிலேயே வைத்துக்கொண்டார். ஊரே நிலையம் வரை வந்து வழியனுப்பியது. போனவர் திரும்ப ஐந்து மாதமாயிற்று. அதற்கிடையில் வந்தது இரண்டே கடிதங்கள்.

அக்காலத்து ஹாஜிகளின் பணமும் வேறாகவே இருந்தது. 1959இல் ரிசர்வ் வங்கி ஹாஜிகளுக்கென்றே தனி நோட்டுகளை வெளியிட்டது. பத்து ரூபாயும் நூறு ரூபாயும் வேறு நிறத்தில், எண்ணுக்கு முன்னால் 'எச்.ஏ.' என்ற எழுத்துகளுடன் அச்சாயின. இந்தியாவில் அவை செல்லாது. சவூதியில் மாற்றிக்கொள்வதற்கு மட்டுமே. யார் வீட்டுப் பழைய பெட்டியிலாவது அப்படியொரு நோட்டு கிடந்தால் நம் பள்ளிவாசல் நூலகத்துக்குக் காட்டித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

மொகல் லைன் 1986இல் அரசின் இந்தியக் கப்பல் கழகத்துடன் இணைந்தது. விமானம் ஏற்கனவே ஹாஜிகளைக் கப்பலிலிருந்து பிரித்துவிட்டிருந்தது. 1995இல் ஹஜ் கப்பல் போக்குவரத்து அறவே நின்றது. ஜித்தாவில் 1981இல் திறக்கப்பட்ட புதிய விமான நிலையத்தின் ஹஜ் முனையம், பாலைவனக் கூடாரங்களை அடுக்கி வைத்தாற்போன்ற கூரையுடன் ஹாஜிகளை வரவேற்கத் தொடங்கியது. அக்கூரையை உருவாக்கிய பொறியாளர்களில் முதன்மையானவர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. ஜித்தாவிலிருந்து மக்கா செல்ல ஒட்டகத்தில் இரண்டு இரவுகள் ஆயின. 2018 முதல் அவ்விரு நகரங்களையும் அதிவேக ரயில் இணைக்கிறது.

இனி விமானத்துக்குள் நிகழ்வதைப் பார்ப்போம். இதில்தான் நம்மவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். சவூதியின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. சென்னையில் காலை பத்து மணிக்குப் புறப்பட்டு ஆறு மணி நேரம் பறந்தவர் ஜித்தாவில் இறங்கும்போது அங்கே பகல் ஒன்றரை மணிதான். திரும்பி வரும்போதோ கடிகாரம் எட்டரை மணி நேரம் ஓடிவிட்டதாகக் காட்டும். மேற்கு நோக்கிப் பறக்கும் விமானம் சூரியனைத் துரத்திச் செல்கிறது. நிலத்தில் நிற்பவருக்குச் சூரியன் மணிக்கு 15 பாகை சாய்கிறது. இவ்வழியில் பறப்பவருக்கு அதில் ஏறத்தாழப் பாதிதான் சாயும். ஆகவே அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பொழுது கிட்டத்தட்ட இரு மடங்காக நீளும். நோன்பாளி ஒருவர் சென்னை நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்து நோன்பு திறந்துவிட்டால், சன்னலுக்கு வெளியே சூரியன் பளிச்சென்று நின்றுகொண்டிருக்கும். தம் கண்ணுக்குச் சூரியன் மறைவதே அவருக்குரிய மஃரிப்.

அதைவிடப் பெரியது மீக்காத் எல்லை. கப்பலில் சென்றோர்க்கு யலம்லமுக்கு நேராகக் கப்பல் வரும் நேரம் முன்கூட்டியே அறிவிக்கப்படும். குளித்து, இஹ்ராம் துணி உடுத்தி, இரண்டு ரக்அத் தொழுது, தல்பியா முழங்க அவர்களுக்குப் போதிய நேரம் இருந்தது. விமானமோ கர்னுல் மனாஸிலுக்கோ அதன் நேர்வரைக்கோ மேலாக நொடிகளில் பறந்துவிடுகிறது. அதன்பின் தரையிறங்க அரை மணிகூட இருப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் உம்ராவுக்குச் சென்ற நம் பகுதிக் குழுவொன்றுக்கு அவர்களை அழைத்துச் சென்ற பயண முகவர், "ஜித்தாவில் இறங்கி உடுத்திக்கொள்ளலாம்" என்று கூறிவிட்டார். இஹ்ராம் துணி விமானத்தின் அடிவயிற்றில், பெட்டிக்குள் கிடந்தது. மீக்காத் அறிவிப்பு வந்தபோது அவர்கள் பேன்ட் சட்டையுடன் அமர்ந்திருந்தனர். தைத்த உடையிலேனும் அப்போதே நிய்யத் செய்து தல்பியா கூறிவிட்டு, இறங்கியதும் உடையை மாற்றிக்கொள்ளலாம் என்பதைச் சொல்லித் தரவும் ஆளில்லை. அதன் விளைவாகத் தம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆறு மணி நேரப் பயணத்தில் கவனக்குறைவுக்கு இடம் இருபது நிமிடங்கூட இல்லை என்பதை அவர்கள் திரும்பி வந்து கண்ணீருடன் சொன்னார்கள். ஆதலால்தான் புறப்படும் விமான நிலையத்திலேயே, அல்லது ஹஜ் முகாமிலேயே துணியை உடுத்திக்கொள்ளுங்கள், நிய்யத்தை மீக்காத்துக்கு முன் வானில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம்.

கேள்வி கேட்ட அதே இளைஞர் மறுவாரம் இன்னொரு கேள்வியுடன் வந்தார். விமானத்தின் வழியைத் திரையில் காட்டும்போது அது ஏன் வளைந்து செல்கிறது? பூமி உருண்டை, படமோ தட்டை. உருண்டையின் மீது இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள மிகக் குறுகிய வழி தட்டைப் படத்தில் வளைவாகத் தெரியும். இவ்வளைவு நம் கிப்லாவுக்கும் பொருந்தும். தேனியிலிருந்து மக்காவுக்கு நேர்தூரம் ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர். அந்தக் குறுகிய வழியில் புறப்பட மேற்கிலிருந்து வடக்காக 22 பாகை திரும்ப வேண்டும். தட்டைப் படத்தில் கோடு போட்டுப் பார்த்தாலோ 17, 18 பாகைதான் வரும். கைபேசிச் செயலி காட்டும் திசையும் பழைய மிஹ்ராபும் ஒத்துவரவில்லை என்று பதறுவோர்க்கு ஒரு வார்த்தை: நம் நாட்டின் பழைய பள்ளிவாசல்கள் பலவும் நேர் மேற்காகக் கட்டப்பட்டவை. கஅபாவைக் கண்ணால் காணாதவர்க்கு அதன் திசைப்புறமே போதுமானது என்பதும், 45 பாகைக்குள் விலகினால் தொழுகை கூடும் என்பதும் ஃபிக்ஹ் நூல்களின் தெளிவான சட்டம். முன்னோர் தொழுத தொழுகையைப் பற்றி வீண் ஐயம் வேண்டா.

இக்கணக்கின் மூதாதையரையும் இங்கே நினைக்கிறோம். அபூ ரைஹான் அல்பிரூனி, கஸ்னியிலிருந்து மக்காவின் திசையைத் துல்லியமாகக் கண்டறிவதற்காகவே ஒரு நூலை எழுதி 1025இல் முடித்தார். அன்று செயற்கைக்கோள் ஏது? பக்தாதிலிருந்து கஸ்னி வரை வணிகக் கூட்டங்கள் நடந்த வழிகளின் தூரங்களைத் திரட்டினார். மலையிலும் பாலையிலும் வளைந்து செல்லும் வழியின் நீளம் நேர்தூரம் ஆகாதென்பதால் அதற்குரிய பகுதியைக் கழித்தார். பின்னர் கோள வடிவக் கணிதத்தைக் கொண்டு ஊர்களுக்கிடையேயான இடைவெளியைக் கணித்தார. பஞ்சாபின் நந்தனா கோட்டையில் தங்கியிருந்தபோது ஒரு மலையின் உயரத்தையும் அதன் உச்சியிலிருந்து தொடுவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தையும் அளந்து, பூமியின் ஆரத்தையே கணக்கிட்டார். இன்றைய அளவுக்கு அது வியக்கத்தக்க அளவில் நெருங்கி நிற்கிறது. ஒட்டகக்காரர் எண்ணிய நாட்களிலிருந்து ஆகாய வழியின் நீளத்தைப் பிரித்தெடுத்தவர் அவர்.

முடிவாக நம் பள்ளத்தாக்கின் வழக்கு ஒன்று உண்டு. கொரோனா காலத்தில் இந்தியாவின் ஹஜ் புறப்பாட்டு நிலையங்கள் பத்தாகக் குறைக்கப்பட்டபோது சென்னை அப்பட்டியலில் இல்லை. 2022இல் தமிழகத்து ஹாஜிகள் கொச்சியிலிருந்து புறப்பட்டனர். சென்னைவாசிகளுக்கும் வட மாவட்டத்தினர்க்கும் அது பெரும் சிரமம். தமிழக அரசும் நம் அமைப்புகளும் கோரியதன்பேரில் 2023இல் சென்னை திரும்பக் கிடைத்தது. நியாயமான கோரிக்கையே. ஆனால் கம்பத்துக்காரருக்கு அந்த ஓராண்டு வேறுவிதமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குமுளி மலையேறி இறங்கினால் நெடும்பாசேரி நாலைந்து மணி நேரந்தான். அங்கிருந்து ஜித்தாவும் சென்னையிலிருந்து செல்வதைவிட 270 கிலோமீட்டர் அளவுக்குக் கிட்டம். நம் மாவட்டத்துக்கு மிக அருகிலுள்ள மதுரை விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கும் துபாய்க்கும் விமானங்கள் பறக்கத் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டன; ஹஜ் விமானம்தான் இல்லை. தென்மாவட்ட ஜமாஅத்துகள் ஒன்றுகூடி இதனைக் கேட்க வேண்டும் என்பது நம் கருத்து.

அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்ட நம் ரயில், தேனிக்கு 2022இலும் போடிக்கு 2023 ஜூனிலும் திரும்பி வந்தது. இப்போது ஹஜ்ஜுக்குச் செல்வோர் தேனியிலேயே இரவு ரயிலேறி மறுநாள் காலை சென்னையில் இறங்கலாம். போடியிலிருந்து கணக்கிட்டால் அந்த ரயிலுக்குப் பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சென்னையிலிருந்து ஜித்தாவுக்குப் பறக்கும் நேரத்தைப்போல் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு.